பொருத்துத் தெரியாத சுவர்

ரூம் பாக்கக் கீழ பிறகு போவம் தங்கச்சி. முதல் இதில இருங்கோ. ஏழு மாச வயித்தோட ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறியள். தேத்தண்ணி போட்டிட்டன், குடியுங்கோ. இவர் பிள்ளையை நேர்சரியால கூட்டிவரப் போட்டார், வர அரை மணித்தியாலம் ஆகும். அதுக்கிடையில நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அவர் வந்தாப் பிறகு சொல்லேலாது. இல்லை, சொல்லலாம். சொல்லத்தான் வேணும். ஆனால் முதல் உங்களுக்கு.

ரூம் நல்ல ரூம். பேஸ்மென்ற் எண்டாலும் ரெண்டு யன்னல், பகல் முழுக்க வெளிச்சம். சுவரைப் பாத்தியளெண்டால் எங்க ஒரு பலகை முடிஞ்சு எங்க அடுத்தது துவங்குது எண்டு கண்டுபிடிக்கேலாது. நான் செய்த சுவர். இந்தக் கையால. இவற்ர தமையன் வந்து போன் லைட்டைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சுப் பாத்திட்டு, "இது ஆர் செய்தது?" எண்டு கேட்டவர். வேலையாள் செய்தது எண்டுதான் நினைச்சிருக்கிறார். சரி, அதை விடுவம்.

நீங்கள் கனடா வந்து எட்டு மாசம் எண்டு போனில சொன்னீங்கள். அப்ப உங்களுக்கு இஞ்சத்தச் சுவர் தெரியாது. எங்கட ஊர் மாதிரிக் கல்லும் சீமெந்தும் இல்லை. சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவை ரெண்டு கடதாசிக்கு நடுவில அமத்தின பலகை. ட்ரைவோல் எண்டுவினம். ஓங்கிக் குத்தினால் கை மற்றப் பக்கம் போயிடும். அந்தப் பலகையளைப் பக்கத்தில பக்கத்தில வச்சு ஆணி தறைஞ்சுபோட்டு, நடுவில வாற நீக்கலுக்கு வெள்ளைப் பசை பூசி, கடதாசி ரேப் ஒட்டி, அதுக்கு மேல திரும்பப் பூசி, காயவிட்டு, தேய்ச்சு, பேந்தும் பூசி, பேந்தும் தேய்ச்சு... பொருத்துத் தெரியாமல் மறைக்கிறதுதான் வேலை. பலகையை ஆரும் அடிக்கலாம். மறைக்கிறதுதான் கஷ்டம்.

போன கார்த்திகையில கீழ தண்ணிக் குழாய் வெடிச்சு மூண்டு பலகை ஊறிப்போச்சு. ஒராள் வந்து வெட்டி எடுத்துப்போட்டுப் புதுசு மூண்டு அடிச்சார். பொருத்துப் பூச வேற ஆளாம். அந்த வேற ஆளும் வந்து பாத்தார். எங்கட தமிழ் ஆள்தான். தை முடியத்தான் வரலாம் எண்டார். "அப்ப நானே செய்யட்டோ?" எண்டு கேட்டன். சிரிச்சார் தங்கச்சி. "அக்கா, இது கேக்குக்கு ஐசிங் பூசுற வேலை இல்லை" எண்டார்.

நான் கேக்குக்கு ஐசிங் பூசுறனான். அதுதான் என்ர தொழில். இந்த ஸ்காபரோவில எத்தினை பிறந்தநாள், எத்தினை சாமத்திய வீடு, எல்லாத்துக்கும் இந்தக் குசினியில நிண்டு பூசினனான். அந்த மனுசனுக்கு அது தெரியாது. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டுப் போட்டார். அவர் அப்பிடிச் சொல்லாட்டி நான் இதுக்குள்ள இறங்கியே இருக்க மாட்டன். யோசிச்சுப் பாத்தால் துவக்கம் அவர்தான்.

இவர் லொறி ஓடுறவர். வன்கூவர் போய்வர பன்ரெண்டு, பதின்மூண்டு நாள். அவர் வெளிக்கிட்ட அடுத்த நாள் நான் ஹாட்வெயார் கடைக்குப் போய் ஒரு வாளி பசை, ரேப், தட்டைக் கத்தி மூண்டு அளவில, எல்லாம் வாங்கியாந்தன். வீடியோக்கள் பாத்தன். ஒரு வெள்ளைக்காரன் பாட்டுப் பாடிக்கொண்டு பூசுறான், அவ்வளவு லேசா.

முதல் நாள் பூசினது பாழ். ரேப்புக்குக் கீழ பசை காணாமல் போச்சு. விடியப் பாக்க, எரிஞ்ச கையில கொப்புளம் வந்த மாதிரிச் சுவர் முழுக்கக் கொப்புளம். பிடிச்சு இழுத்தன், முழு ரேப்பும் பாம்புச் செட்டை மாதிரிக் கையோட வந்திட்டுது. இருந்து அழுதன். பேந்து யோசிச்சன், கேக்குக்கும் முதல் மெல்லிசா ஒண்டு பூசி ஆறவிட்டுத்தானே மற்றது பூசுறனான்? கத்தியைச் சரிச்சுப் பிடிச்சு, கரையில மட்டும் அமத்தி, நடுவில கையை விட்டு... வந்திட்டுது தங்கச்சி. மூண்டாம் பூச்சோட புதுப் பலகையில பொருத்து எங்கயெண்டு எனக்கே தெரியேல்ல.

அதோட விட்டிருக்கலாம்.

பக்கத்தில பழைய பலகையள். அந்தப் பொருத்துகள் கொஞ்சம் தடிச்சுப்போய், வெளிச்சம் பட்டால் நிழல் விழும். அவ்வளவு காலமும் எனக்குக் கண்ணில படேல்ல. என்ர வேலைக்குப் பக்கத்தில வச்சுப் பாக்கத்தான் அசிங்கமாத் தெரிஞ்சுது. இவர் வழியில நிண்டு போன் எடுத்தார். சொன்னன். "பழசைத் தொடாதையும். புதுசை மட்டும் செய்தாக் காணும்" எண்டார். அவருக்கும் ஒண்டும் தெரியாது, சும்மா சொன்னது. ஏன் தொடக்கூடாது எண்டு சொல்லியிருந்தால் நான் ஏன் தொடுறன்?

மூண்டு நாள் தேய்ச்சன். சான்ட் பேப்பரால, வாயில ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு. கீழ முழுக்க வெள்ளைத் தூள். மா அரிச்ச மாதிரி. என்ர மகள் ஆரபிக்கு மூண்டரை வயசு. தனிய மேல விட ஏலாது எண்டு படியில இருத்தினனான். அவவுக்குச் சால்வை கட்டேல்ல. படியில படிஞ்ச தூளில விரலால மீன் கீறினா. பூனை கீறினா. பிறகு ரெண்டு கையாலயும் அள்ளி மேல எறிஞ்சு, "அம்மா, ஸ்னோ, ஸ்னோ" எண்டா. நானும் சிரிச்சன். போனில படமும் எடுத்தன். அந்தப் படம் இப்பவும் கிடக்கு. அழிக்கவும் பயம், பாக்கவும் பயம்.

மூண்டாம் நாள் பேப்பர் முடிஞ்சுபோச்சு. பிள்ளையையும் ஏத்திக்கொண்டு கடைக்குப் போனன். காசு வாங்குற இடத்தில ஒரு வெள்ளைக்கார மனுசி. என்ர தலையைப் பாத்தா, பிள்ளையின்ர தலையைப் பாத்தா. ரெண்டும் வெள்ளை.

"எந்த வருச வீடு?" எண்டு கேட்டா.

"எழுவத்தி நாலு" எண்டன். பெருமையாத்தான் சொன்னன், அந்தக் கால வீடு உறுதி எண்டு எல்லாரும் சொல்லுறது.

"பழைய பொருத்தையும் தேய்ச்சனீங்களோ?"

"ஓம்."

அந்த மனுசி பேப்பரை என்னட்டைத் தரேல்ல. கையில வச்சுக்கொண்டு நிண்டா. பிறகு மெதுவா, பிள்ளைக்குக் கேக்காமல் சொல்லுற மாதிரிச் சொன்னா, "அந்தக் காலத்துப் பசையில அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். எல்லாத்திலயும் இல்லை. கனக்கத்தில. சோதிக்காமல் தேய்க்கப்படாது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அஸ்பெஸ்டஸ் எண்டால் எங்கட கூரைச் சீற். படிச்ச பள்ளிக்கூடத்துக்கு அதுதான் கூரை, எங்கட வீட்டுக்கும் அதுதான். "நாங்கள் அதுக்குக் கீழதான் வளந்தனாங்கள்" எண்டன். அவ சிரிக்கேல்ல. "சீற்றாக் கிடந்தால் பயமில்லை. தூளாக்கி மூச்சில எடுத்தால்தான்..." எண்டிட்டு நிப்பாட்டிப்போட்டா.

காருக்குள்ள வந்திருந்து போனில தேடினன். தேடியிருக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி நாராம். நெஞ்சுக்குள்ள போனால் வெளிய வராதாம். இருபது வருசம், முப்பது வருசம், நாப்பது வருசம் சும்மா கிடக்குமாம். பிறகுதான் புற்றுநோய் துவங்குமாம். நான் மனசுக்குள்ள கூட்டிப் பாத்தன். நாப்பது வருசத்தில எனக்கு எழுவத்தெட்டு. நான் இருந்தால் என்ன போனால் என்ன. ஆரபிக்கு நாப்பத்து மூண்டு. அவவுக்கும் பிள்ளையள் இருக்கும். பின் சீற்றைத் திரும்பிப் பாத்தன். பிள்ளை தலையைத் தட்டி, விழுகிற தூளைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு எப்பிடி ஓட்டி வந்தன் எண்டு எனக்குத் தெரியாது.

வந்த உடனை பிள்ளையை முழுகவாத்தன். தூசி இழுக்கிற வக்குமை எடுத்துக்கொண்டு போய்க் கீழ முழுக்க இழுத்தன். படி, மேல் வீடு, கட்டில், எல்லாம். முடிச்சாப் பிறகு பாத்தால் எழுதியிருக்கு, சாதாரண வக்குமால இழுக்கவே கூடாதாம், அது முன்னால எடுத்துப் பின்னால ஊதி விடுமாம். அப்ப கீழ கிடந்ததை வீடு முழுக்க ஊதி விட்டது நான். வக்குமைத் தூக்கிக்கொண்டு போய் றோட்டுக் கரையில வச்சன். பிள்ளையின்ர துணிப் பொம்மையள், சோபாத் துணி, எல்லாம் பையில கட்டி அதுக்குப் பக்கத்தில. அவவின்ர முயல் பொம்மையும் போச்சு. அதில்லாமல் நித்திரை கொள்ள மாட்டா. யன்னலடியில நிண்டு குப்பை வண்டி கொண்டுபோகுமட்டும் கத்தினா.

கீழ் ரூம் கதவின்ர இடுக்கெல்லாம் ரேப்பால ஒட்டினன். மிச்சம் இருந்த அதே ரேப். அப்பதான் ஹீற்றர் ஞாபகம் வந்தது. இந்த வீடுகளில ஹீற்றர் கீழதானே இருக்கு. அது கீழ்க் காத்தை எடுத்து எல்லா ரூமுக்கும் ஊதும். நிப்பாட்டிப்போட்டன்.

ஓம், மார்கழி மாசம். வெளிய சைபருக்குக் கீழ பத்துப் பாகை. என்னைப் பாக்காதையுங்கோ அப்பிடி. வேற என்ன செய்யிறது? குளிரில ஒருத்தரும் முப்பது வருசம் கழிச்சுச் சாகிறேல்ல. குசினியில கேக் போடுற அவணைத் திறந்துவிட்டு, ரெண்டு பேரும் குளிர் ஜக்கெற்றோட அதுக்கு முன்னால இருந்தம். ஒரு நாளைக்கு மூண்டுதரம் பிள்ளைக்குத் தலை முழுக்கு. பிள்ளைக்கு இருமல் வந்திட்டுது. குளிராலதான். அது இப்ப விளங்குது. அப்ப ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உயிர் போய்ப்போய் வந்தது. ஒரு கொப்பியில எண்ணி எழுதினன், காலமை எத்தினை, பின்னேரம் எத்தினை எண்டு.

டொக்டரிட்டக் கொண்டுபோனன். எங்கட தமிழ் டொக்டர். நெஞ்சில வச்சுக் கேட்டிட்டுச் சாதாரணத் தடிமன், சளி எண்டார். நான் மெல்லக் கேட்டன், "என்ர சிநேகிதி ஒராள் வீட்டில இப்பிடிப் பழைய சுவரைத் தேய்ச்சுப்போட்டா, பிள்ளையும் பக்கத்தில நிண்டதாம்..." எண்டு. டொக்டர் எழுதிறதை நிப்பாட்டினார்.

"உங்கட சிநேகிதிக்குச் சொல்லுங்கோ, முதல் அந்தச் சுவரில ஒரு துண்டு எடுத்து லாப்புக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லி. இருக்கோ எண்டே தெரியாமல் பயந்து என்ன செய்யிறது? இருந்தாலும், மூண்டு நாள் தூசில பெரிசா ஒண்டும் வராது. வாய்ப்புக் கனக்கக் குறைவு."

"ஒண்டும் வராது எண்டு சொல்லலாமோ டொக்டர்?"

"அப்பிடி ஒருத்தராலயும் சொல்லேலாது."

"நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்தால்?"

"இப்ப ஒண்டும் தெரியாது. உங்கட சிநேகிதியை அவவின்ர மனுசனோட கதைக்கச் சொல்லுங்கோ. தனிய வச்சிருக்கவேண்டாம்."

நல்ல மனுசன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும்தான் நான் வீட்டை கொண்டுவந்தன். ஒருத்தராலயும் சொல்லேலாது.

நான் இவருக்குச் சொல்லேல்ல. அவர் பெரிய வண்டி ஓடுறவர் தங்கச்சி, மலைப் பாதை, பனி. பயந்தவன் கையில ஸ்ரியரிங் இருக்கக்கூடாது. அதுக்குத்தான் சொல்லேல்ல. வேற ஒண்டுக்குமில்லை.

பதின்மூண்டாம் நாள் அவர் வந்து கதவைத் திறந்தார். வீடு ஐஸ் பெட்டி. நானும் பிள்ளையும் ஜக்கெற்றும் தொப்பியுமா அவணுக்கு முன்னால நிலத்தில. சோபா மொட்டையாக் கிடக்கு. அவர் நேர கீழ போய் ஹீற்றரைப் போட்டார். காத்து ஊதத் துவங்க நான் கத்தினன், "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" எண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிய பனிக்குள்ள ஓடிப்போட்டன். வெறுங்காலோட.

அவர் பின்னால வந்து என்ர தோளைப் பிடிச்சார். அந்த மனுசன் அழுது நான் கண்டதில்லை. அண்டைக்குத்தான் கண்டன். "சுகிர்தா, உமக்கு என்ன நடந்தது? எனக்கு உம்மைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

அப்ப சொன்னன். முழுக்க இல்லை. தூசியில ஒரு சந்தேகம், லாப்புக்கு அனுப்பினால் தெரிஞ்சுடும் எண்டு மட்டும். பழைய பொருத்தை மூண்டு நாள் தேய்ச்சது சொல்லேல்ல. பிள்ளை கையால அள்ளி எறிஞ்சது சொல்லேல்ல. "அப்ப அனுப்புவம். அதுக்கு ஏன் இப்பிடி?" எண்டார். அடுத்த நாள் நானே துண்டு எடுக்கிறன் எண்டு சொல்லிக் கீழ இறங்கினன். கையில ஒரு சின்னப் பை, ஒரு கத்தி. பழைய சுவருக்குக் கிட்டப் போய் நிண்டன். கத்தியை வச்சன். அமத்தினால் தெரிஞ்சுடும். தெரிஞ்சால் பிறகு தெரியாமல் இருக்கேலாது. விளங்குதே? இருக்கு எண்டு ஒரு கடதாசி வந்தால் நான் பிள்ளையை ஒவ்வொரு நாளும் அந்தக் கடதாசியோடதான் பாக்கோணும்.

நான் ரெண்டடி தள்ளி நிண்டு, புதுப் பொருத்தில சுரண்டினன். நான் பூசினதை. அப்ப கடையில புதுசா வாங்கின பசையை.

கடதாசி வந்தது. "இல்லை" எண்டு போட்டிருக்கு. அது பொய்க் கடதாசி இல்லை தங்கச்சி, அனுப்பின துண்டில இல்லைத்தானே? இவர் அதைப் பிறின்ற் பண்ணிக் குளிர்ப்பெட்டியில ஒட்டினார். அந்தா, அதுதான். பிள்ளைக்குப் புது முயல் வாங்கிக்கொண்டு வந்தார். வீடு பழையபடி சூடாச்சு. நானும் சிரிச்சன். சிரிக்கலாம் எண்டு தெரிஞ்சாப் பிறகு சிரிக்கிறது பெரிய கஷ்டமில்லை. பிள்ளை இருமினால் மட்டும் கையில இருக்கிறது விழும்.

பேந்து அவர்தான், சும்மா கிடக்கிற ரூமை ஆருக்கும் வாடகைக்குக் குடுப்பம் எண்டு தமிழ்க் கடையில எழுதி ஒட்டினவர். நீங்கள் போன் எடுத்தீங்கள். அவர் ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சவர். ரெண்டு பேர்தான், சித்திரையில பிள்ளை பிறக்கும் எண்டு நீங்கள் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் கேக்குக்குப் பூ வச்சுக்கொண்டு நிண்டனான். முழுப் பூவும் ஒரு பக்கமாச் சரிஞ்சுபோச்சு.

அந்தக் குழந்தை தவழப்போறது அந்தச் சுவருக்குப் பக்கத்தில. நீங்கள் படம் மாட்ட ஆணி அடிப்பியள்.

அடுத்த நாள் நான் கீழ போனன். முகத்துக்கு வடிவா மாஸ்க் போட்டு, சுவரை ஈரத்துணியால நனைச்சு, பழைய பொருத்தில ஒரு துண்டு வெட்டி எடுத்தன். எல்லாம் முறைப்படி. இதை முதலே செய்யத் தெரிஞ்சிருக்கு பாருங்கோ. அனுப்பினன்.

நேற்று வந்தது. இருக்கு. நூற்றுக்கு ரெண்டு பங்கு.

வேண்டாமெண்டால் வச்சிடுங்கோ அந்தக் கோப்பையை. மேல ஒண்டும் இல்லை, பயப்பிடாதையுங்கோ, நான் எல்லாம் துடைச்சிட்டன்... எனக்குத் தெரியாது. துடைச்சது காணுமோ எண்டு எனக்குத் தெரியாது.

ஏன் போனிலயே சொல்லேல்ல எண்டு கேக்கிறியள். நியாயம். காலமை நாலுதரம் உங்கட நம்பரை எடுத்தன். ரூம் வேற ஆக்களுக்குப் போட்டுது எண்டு சொன்னால் நீங்கள் வர மாட்டியள். ஆனால் இவர் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் திரும்பவும் சும்மா நிப்பன். என்னை எனக்குத் தெரியும். ஆருக்கும் ஒராளுக்கு வாய் திறந்து சொல்லிப்போட்டன் எண்டால் பேந்து இவருக்கு மறைக்கேலாது. அதுக்குத்தான் உங்களை வரவிட்டனான். வயித்துப் பிள்ளையோட உங்களை இதுக்குக் கூப்பிட்டிருக்கக்கூடாது. அது இப்பதான் விளங்குது. நீங்கள் எழும்பிறதைப் பாக்கத்தான் விளங்குது.

கார் சத்தம். வந்திட்டினம்.

ஜக்கெற்றைப் போடுங்கோ, நான் பிழையா நினைக்க மாட்டன். ஆனால் வெளிக்கதவடியில ஒரு நிமிசம் நில்லுங்கோ. கதவைத் திறந்துவச்சுக்கொண்டு வேணுமெண்டாலும் நில்லுங்கோ. நீங்கள் நிண்டால்தான் எனக்கு வாய் வரும்.

வாங்கோ ஆரபி செல்லம். மேல போய்க் கை கழுவுங்கோ. அம்மா வாறன்.

இல்லையப்பா, இவ ரூமைப் பாக்கேல்ல. நான் கீழ கூட்டிக்கொண்டு போகேல்ல. அவவுக்குப் பிடிக்காமல் இல்லை, நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். இஞ்ச, இந்தப் போனைப் பிடியுங்கோ. இது நேற்று வந்தது. குளிர்ப்பெட்டியில இருக்கிறது நான் பூசினதின்ர றிப்போட். இது பழசின்ர. வாசியுங்கோ. கடைசி வரி.

ஓம். தேய்ச்சனான். மூண்டு நாள். பிள்ளையும் நிண்டவ. படியில.

ஓம், தெரிஞ்சுதான் மாத்தி அனுப்பினனான்.

என்னப்பா, என்னை ஏசுங்கோ. ஏசுங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. கையைத் தாங்கோ. எனக்கும் இந்தப் பயம்தான் இருந்தது, கடை வாசலில, காருக்குள்ள. இந்தா, பிடியுங்கோ.

நீங்கள் போங்கோ தங்கச்சி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. இனிப் பயப்பிட நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்.